துவக்கைச் சுட்டவன்

கதவைத் தட்டாமல் உள்ளே நுழைகிறவர்களைச் சிவராமனுக்குப் பிடிக்காது. அன்று வந்தவன் தட்டவும் இல்லை, சப்பாத்தில் அப்பியிருந்த பனியை உதறவும் இல்லை. நேரே வந்து அன்ரனெற்றின் மேசைமேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு நின்றான்.

"அன்ரி, ஒரு கிழவனைப் பற்றி எனக்கு அத்தாட்சி வேணும்," என்றான். "அவன்தான் பொலிசுக்குப் போன் அடிச்சுச் சொன்னவன் எண்டு எழுத்திலை வேணும். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்ளுறன்."

அன்ரனெற் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முப்பது வருடம் காப்புறுதிக் கம்பனிகளுக்காகப் பொய்க் கோரிக்கைகளைத் துருவித் துருவிப் பிடித்தவர் அவர். ஓய்வுபெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. வோபர்னில் ஒரு பிளாசாவின் மாடியில், பல் வைத்தியருக்கும் புடவைக் கடைக் களஞ்சியத்துக்கும் நடுவே, தனியார் துப்பறியும் அலுவலகம் ஒன்றைத் திறந்துவிட்டார். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அந்தக் குறையைத் தீர்ப்பதற்கென்றே கடவுள் சிவராமனை அனுப்பியிருந்தார். மதுரைக்காரன், நாற்பத்தொரு வயது, மென்பொருள் வேலை போனபின் உரிமம் எடுத்து அவரிடம் சேர்ந்தவன். மூக்கு நுனியில் கோபத்தை வைத்துக்கொண்டே திரிபவன்.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு இருங்கோ, தம்பி," என்றார் அன்ரனெற். "முதலிலை என்ன நடந்தது எண்டு சொல்லுங்கோ."

வந்தவன் பெயர் வினோதன். விட்பியில் வீடு, ரெக்ஸ்டேலில் ஓர் உலோகப் பட்டறையில் இயந்திர வேலை. அவனுக்கு ஒரு பொழுதுபோக்கு இருந்தது. காற்றுத் துப்பாக்கி விளையாட்டு தெரியுமல்லவா, வார இறுதிகளில் வளர்ந்த ஆண்கள் காட்டுக்குள் ஓடி, மிளகைவிடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் குண்டுகளால் ஒருவரையொருவர் அடித்துக்கொள்கிற விளையாட்டு. அதற்கான ஒரு துப்பாக்கியைத் தானே வடிவமைக்க வேண்டும் என்று இரண்டு வருடமாகக் கணினியில் வரைந்துகொண்டிருந்தான். மின்கலத்தில் ஓடுவது அல்ல, காஸ் அழுத்தத்தில் வேலை செய்வது.

"கடையிலை விக்கிற சாமான் சும்மா சிர்ர் எண்டு கத்தும். என்ரை அப்பிடியில்லை. காஸ் உள்ளுக்கை அடிச்சால் துண்டு பின்னுக்கு வந்து தோளிலை இடிக்கும். ஒரு உண்மையான துவக்கின்ரை கொப்பியும் இல்லை, ஒவ்வொரு கோடும் நான் கீறினது." அதைச் சொன்னபோது மட்டும் அவன் முகத்தில் கோபம் இல்லை. அடுத்த நிமிடமே திரும்பி வந்துவிட்டது.

பதினைந்து நாட்களுக்கு முன், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணி. கராஜ் கதவைப் பூட்டி, ஹீற்றரைப் போட்டுக்கொண்டு பாகங்களைப் பொருத்திக்கொண்டிருந்தான். ஐந்து பொலிஸ் கார்கள் வந்தன. அவனை வெளியே இழுத்துப் பனியில் குப்புறப் படுக்க வைத்து, முதுகில் முழங்காலை ஊன்றிக் கைவிலங்கு மாட்டினார்கள். அவனுடைய மகள் ஷிவானி யன்னலில் நின்று அத்தனையையும் பார்த்தாள். தெருப் பிள்ளைகளை நோக்கித் துப்பாக்கியை நீட்டினான் என்று குற்றச்சாட்டு. பிணை கிடைத்தது, ஆனால் வழக்கு முடியும்வரை வீட்டுப் பக்கம் போகக் கூடாது. வேலையிலும் நிற்பாட்டி வைத்திருக்கிறார்கள். வருகிற சனிக்கிழமை ஷிவானிக்கு ஏழு வயது.

சிவராமன் பேனாவை மேசையில் எறிந்தான். "பிளாஸ்டிக் பொம்மைக்கு அஞ்சு காரா?" என்றான்.

"பொலிசை விடுங்கோ, அவங்களுக்குச் சொன்னதைத்தான் செய்தாங்கள்," என்றான் வினோதன். "சொன்னவன்தான் எனக்கு வேணும். இந்தாங்கோ, என்ரை லோயர் ஸ்டெபனி எடுத்துத் தந்த ரெக்கோர்டிங். மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுத் தமிழிலை கதைச்சிருக்கிறான்."

தொலைபேசியை மேசையில் வைத்து அழுத்தினான். துணியால் வாயைப் பொத்திக்கொண்டு பேசுவதுபோல் கரகரத்த கிசுகிசுப்பு. ஆணா பெண்ணா என்றுகூடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

"பக்கத்து வீட்டுக்காரன் துவக்கு வைச்சிருக்கிறான். கறுப்புத் துவக்கு, மரப்பிடி. பிள்ளையளுக்கு நேரை நீட்டினவன். துவக்கைச் சுட்டவன். கெதியா வாங்கோ. எனக்கு இங்கிலிஷ் தெரியாது."

அந்த இடத்திலும் சிவராமனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொள்வதற்குள் அன்ரனெற் பார்த்துவிட்டார்.

"ஏன் சிரிச்சனீங்கள்?"

"ஒண்ணுமில்லக்கா. எங்க ஊர்ல 'சுட்டுட்டான்'னா திருடிட்டான்னு அர்த்தம். துப்பாக்கியைச் சுட்டவன்னு கேட்டதும்... விடுங்க. உங்க தமிழ் வேற."

"ஓம், வேறைதான்," என்றார் அன்ரனெற். பதிவை இன்னொரு முறை போடச் சொல்லிக் கேட்டார்.

"இனி என்ன யோசிக்கக் கிடக்கு?" வினோதன் மேசையில் குத்தினான். "வயசு போன குரல். இங்கிலிஷ் தெரியாது. பக்கத்து வீடு. தியாகலிங்கம் எண்ட கிழவனைத் தவிர அந்தத் தெருவிலை வேறை ஆர்? நாலு வருஷமா அவன்ரை ட்ரைவ்வேயிலை பனி வழிச்சுக் குடுத்தனான், அன்ரி. உடுப்பு எடுக்கப் பொலிசோடை போன அண்டைக்கு நடுறோட்டிலை நிண்டு கத்திப்போட்டுத்தான் வந்தனான், காட்டிக்குடுத்தவன் எண்டு. இப்ப அந்தத் தெருவிலை ஒருத்தரும் அவனோடை கதைக்கிறேல்லை."

அப்போது கதவு மெதுவாகத் தட்டப்பட்டது. கீழே காரை நிறுத்திவிட்டு வந்த இளைஞன் ஒருவன் எட்டிப் பார்த்தான். சிரித்த முகம், கையில் மூன்று கோப்பிக் குவளைகள்.

"இவன் கிருபன்," என்றான் வினோதன். "என்ரை விளையாட்டு ரீமிலை இருக்கிறவன். பிணை நிண்டதும் இவன்தான். இவன்ரை பேஸ்மென்ரிலைதான் இப்ப படுக்கிறன்."

"ஹாய் அன்ரி," என்றான் கிருபன். இந்தக் குளிர் நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவன் என்பது முதல் சொல்லிலேயே தெரிந்தது. வினோதனின் தோளில் கை வைத்தான். "ப்ரோ, ரிலாக்ஸ். எங்களுக்குத் தெரியும் அது அந்த ஓல்ட் மான் எண்டு. ப்ரூவ் பண்ணினால் சரி."

நல்ல பிள்ளை என்று சிவராமன் மனத்துக்குள் குறித்துக்கொண்டான். மனிதர்களை எடைபோடுவதில் தனக்குத் தனித் திறமை உண்டு என்பது அவன் எண்ணம்.

மறுநாள் காலை இருவரும் விட்பிக்குப் புறப்பட்டார்கள். நாலைந்து வருடத்துக்குள் முளைத்த வீடுகள், எல்லாம் ஒரே அச்சு. ஒரு வீட்டுக்கு முன்னே கார் நிறுத்தும் ட்ரைவ்வேயில் மட்டும் முழங்காலளவு பனி இறுகிக் கிடந்தது. கால் தடம் ஒன்றுகூட இல்லை.

வினோதனின் வீட்டு மணியை அழுத்தியதும் உள்ளே எதுவோ உருண்டு விழுந்தது. கதவைத் திறந்தவள் அவன் மனைவி நிரூபா. அவளுக்குப் பின்னால், சாப்பாட்டு மேசையின் கீழே ஒரு சிறுமியின் பாதங்கள் தெரிந்தன.

"மணி அடிச்சால் ஓடிப் போய் ஒளிக்கிறாள்," என்றாள் நிரூபா. "ஷிவானி, இவை பொலிஸ் இல்லையம்மா."

பாதங்கள் அசையவில்லை. சிவராமன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். யாரோ ஒரு கோழை துணியை வாயில் பொத்திக்கொண்டு நாலு வரி பேசியதற்கு இந்தக் குழந்தை மேசைக்கடியில் இருக்க வேண்டுமா என்று முணுமுணுத்துக்கொண்டே சப்பாத்தைக் கழற்றினான்.

கராஜில் பொலிஸ் விட்டுவிட்டுப் போன சில துண்டுகள் பெட்டியில் கிடந்தன. முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் வார்த்த பாகங்கள். எல்லாம் இளம்பச்சை, புதிதாக முளைத்த வாழைக் குருத்தின் நிறம்.

"கொண்டுபோனதும் இதே நிறமோ?" என்று கேட்டார் அன்ரனெற்.

"முழுக்கப் பச்சைதான். ஷிவானி தெரிஞ்சு குடுத்த கலர்." நிரூபா ஒரு மூடியை எடுத்துத் திருப்பிக் காட்டினாள். உட்பக்கத்தில் சுண்டுவிரல் நகமளவு ஓர் எழுத்து வெட்டப்பட்டிருந்தது. ஷி. "கொம்பியூட்டரிலை புதுசா மாத்தின படத்திலை தன்ரை பிள்ளையின்ரை எழுத்தை வைச்சவர். காஸ் அறையின்ரை மூடி, உள்ளுக்கை போயிடும், ஒருத்தரும் காணாயினம் எண்டு சொல்லிச் சிரிச்சவர்."

கீழே பேஸ்மென்ரில் நிரூபாவின் தங்கை கௌசி இருந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஐந்து வருடம். துணி துவைக்கும் இயந்திரத்துக்கு மேலே சுவரில் பெரிய வண்ணப்படம் ஒன்று ஒட்டியிருந்தது. கணினியில் வரைந்த துப்பாக்கி, பளபளக்கும் கறுப்பு, தேக்கு நிறத்தில் மரப்பிடி.

"உதுதான் அத்தான்ரை கனவு," என்றாள் கௌசி எரிச்சலோடு. "கடைசியா உப்பிடி வரவேணுமாம். உந்த விசரை விடுங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான். பெம்பிளைப் பிள்ளை வளருற வீட்டிலை உதேன்? ஆனால் ஒண்டு சொல்லுறன், அத்தான் ஒரு வெடியும் வைச்சதில்லை. வெடி வைக்க அதுக்குள்ளை என்ன கிடந்தது? ஏதோ காஸ் வால்வு வரேல்லை எண்டு ரெண்டு கிழமையாப் புலம்பிக்கொண்டு திரிஞ்சவர்."

சிவராமன் குறிப்பேட்டில் வேகமாக எழுதினான். 'கௌசி. பொழுதுபோக்கை வெறுக்கிறாள். கறுப்புப் படத்தைத் தினமும் பார்க்கிறாள்.' கடைசி வரியின் கீழ் இரண்டு கோடு போட்டான்.

பக்கத்து வீட்டுக்குப் போக இறுகிய பனியில் கால் புதையப் புதைய நடக்க வேண்டியிருந்தது. தியாகலிங்கம் கதவைப் பாதிதான் திறந்தார். எழுபது தாண்டிய மெலிந்த மனிதர். கண்களில் தூக்கம் இல்லை, கோபம்தான் இருந்தது.

"நீங்களும் காட்டிக்குடுத்தவனைப் பார்க்க வந்தனீங்களோ, பிள்ளை?"

"இல்லை, அண்ணை. நீங்கள் கண்டதைக் கேக்க வந்தனாங்கள். உங்கட குசினி யன்னலாலை கராஜின்ரை பக்கக் கதவு தெரியும்."

"தெரியும். பாத்தனான். பச்சை நிறத்திலை ஒண்டை வைச்சு நோண்டிக்கொண்டு இருப்பான். பிள்ளைக்குத் தண்ணி அடிக்கிற விளையாட்டுச் சாமான் செய்யிறான் எண்டு நினைச்சன். பச்சையிலை ஆரும் துவக்கு செய்வினமோ?" குரல் நடுங்கியது, ஆனால் அது முதுமை நடுக்கம் அல்ல. "துவக்காலை சுட்டால் என்ன சத்தம் கேக்கும் எண்டு எனக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை. அண்டைக்கு ஒரு சத்தமும் கேக்கேல்லை. பொலிஸ் வந்த சத்தம்தான்."

கதவைச் சாத்தப் போனவர் நிறுத்தினார்.

"ஊரிலை ஆமி சுத்திவளைச்ச அண்டைக்கு, முகத்தை மூடின தலையாட்டி ஒருத்தன், வரிசையிலை நிண்ட என்ரை தம்பியைப் பாத்துத் தலையை ஆட்டிக் காட்டிக்குடுத்தவன். ஒரு ஆட்டுத்தான். தம்பி வீட்டை வரேல்லை. அப்பிடிப்பட்ட என்னைப் பாத்து, நடுறோட்டிலை நிண்டு, அந்தச் சொல்லைச் சொன்னவன். போய்ச் சொல்லுங்கோ, ஒரு நாளும் மறக்கமாட்டன் எண்டு."

கதவு சாத்தப்பட்டது. திரும்பும் வழியில் நெடுஞ்சாலையில் சிவராமன் ஸ்டீரிங்கைக் குத்திக்கொண்டே வந்தான்.

"அந்தப் பொண்ணுதாங்க்கா. கௌசி. பொம்மையையும் பிடிக்கல, படத்தையும் பாத்திருக்கா. வினோதனுக்குப் பாடம் புகட்டணும்னு போன் போட்டிருப்பா. பெரியவர் மேல பழி விழுந்ததும் வாயை மூடிக்கிட்டா."

"றோட்டைப் பாருங்கோ, சிவா. அந்தப் படத்தை வேறை ஆரார் பாத்திருப்பினம்?"

"வினோதன், அவர் மனைவி, கிருபன். ஆனா கிருபன் பிணை நின்னவன்க்கா. காபி வாங்கிட்டு வந்தான்."

"கோப்பி நல்லாத்தான் இருந்தது," என்றார் அன்ரனெற். "அந்தப் பெடியன் இணையத்திலை என்ன செய்யிறான் எண்டு ஒருக்காத் தேடிப் பாருங்கோ. உங்கட பழைய வேலை அதுதானே."

தேடுவதற்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. இந்த விளையாட்டுக்காரர்களுக்கென்று உலகளாவிய வடிவமைப்புப் போட்டி ஒன்று நடந்துகொண்டிருந்தது. வெல்கிற வடிவத்தை, வடிவமைத்தவர் பெயரிலேயே தயாரித்து வெளியிடுவார்களாம். வினோதன் கைதாகிப் பத்தாம் நாள், பொலிஸ் கொண்டுபோன அவனுடைய கணினி இன்னும் திரும்பி வராத நிலையில், அந்தப் பக்கத்தில் ஒரு காணொளி ஏறியிருந்தது. கறுப்புத் துப்பாக்கி, மரப்பிடி, காஸ் அழுத்தம். மேலே பெரிய எழுத்தில் கிருபனின் பெயர் ஒன்றுதான் இருந்தது.

சிவராமன் எழுந்து நின்றுவிட்டான். "கூரையைக் குடுத்து, அதுக்குக் கீழ படுக்க வச்சு, இந்த வேலையைப் பாத்திருக்கான். இப்பவே போறேன்க்கா."

"இருங்கோ. களவெடுத்தவன் எண்டு இது காட்டும். போன் அடிச்சவன் எண்டு காட்டாது. அதுதானே வினோதனை வீட்டை அனுப்பும். வியாழக்கிழமை எல்லாரையும் கூப்பிடுவம்."

வியாழன் பின்னேரம் அந்தச் சிறிய அறையில் நாற்காலி போதவில்லை. வினோதனும் கிருபனும் ஒரு பக்கம். தமிழ் விளங்கும், ஆனால் ஆங்கிலத்திலேயே பேசும் வழக்கறிஞர் ஸ்டெபனி யன்னலோரம், கையில் மஞ்சள் தாள் கட்டு. கௌசி கதவருகே. தியாகலிங்கத்தைச் சிவராமனே போய்க் கூட்டிவந்திருந்தான். அவரைக் கண்டதும் வினோதன் எழுந்துவிட்டான்.

"உந்தாளோடை ஒரே அறையிலை நான் இருக்கமாட்டன்."

"இருங்கோ," என்றார் அன்ரனெற். அதே தணிந்த குரல்தான், ஆனால் வினோதன் உட்கார்ந்தான். "கிருபன், ஒரு சின்ன விளக்கம். இவர் அந்தச் சாமானை உங்களுக்கு முன்னாலை எப்பவாவது சோதிச்சுப் பாத்தவரோ?"

"நோ, அன்ரி." கிருபன் தோளைக் குலுக்கினான். "அவன் ஒரு நாளும் துவக்கைச் சுட்டதில்லை. வால்வ் வரேல்லையே."

சிவராமனின் பேனா நின்றது. குறிப்பேட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினான். பதிவில் கேட்ட நாலு வரிகளையும் அப்படியே எழுதி வைத்திருந்தான். பிறகு இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம்.

"படிச்சுக் காட்டுங்கோ, சிவா," என்றார் அன்ரனெற். "மூண்டு பேரும் சொன்னதை."

"கௌசி, 'ஒரு வெடியும் வைச்சதில்லை.' தியாகலிங்கம் ஐயா, 'துவக்காலை சுட்டால்.' போன்ல பேசினவன், 'துவக்கைச் சுட்டவன்.' இப்ப கிருபன்..." அவன் முடிக்கவில்லை.

அன்ரனெற் எல்லோரையும் ஒரு முறை பார்த்தார்.

"சுடுறதை எங்கட ஊர் ஆக்கள் வெடி வைக்கிறது எண்டுவினம், இல்லாட்டித் துவக்காலை சுடுவினம். துவக்கைச் சுடமாட்டினம். துவக்கைச் சுட்டால் துவக்குக்குத்தான் காயம். இங்கிலிஷிலை யோசிச்சு, அதைத் தமிழ்ச் சொல்லிலை போட்டால்தான் உப்பிடி வரும். இங்கை பிறந்த பிள்ளையள் கதைக்கிறது உப்பிடித்தான், அதிலை பிழை சொல்ல ஒண்டுமில்லை. ஆனால் இங்கிலிஷ் தெரியாது எண்டு சொல்லுற எழுபது வயசு ஆளின்ரை வாயிலை அது வராது."

"வாட்? இது ஒரு கிரமர் டெஸ்ட்டா?" என்றான் கிருபன். சிரிக்கப் பார்த்தான். "ஹண்ட்ரட் பீப்பிள் அப்பிடித்தான் கதைப்பினம்."

"ஓம். ஆனால் அந்த நூறு பேரிலை எத்தினை பேர் மரப்பிடியைக் கண்டவை? கராஜிலை இருந்தது பச்சை. பக்கத்து வீட்டு அண்ணை கண்டதும் பச்சை. கறுப்பும் மரப்பிடியும் படத்திலை மட்டும்தான் கிடந்தது. போன் அடிச்சவன் அண்டைக்கு ஒண்டையும் காணேல்லை. பாத்துக்கொண்டு நிண்டவன் எண்டால் பச்சை எண்டு சொல்லியிருப்பான். படத்தை மனசிலை வைச்சுச் சொன்னவன். படத்தைத் தெரிஞ்ச ஆக்களுக்குள்ளை துவக்கைச் சுடுற ஆள் ஒருத்தர்தான்."

வினோதன் மெதுவாகத் திரும்பிக் கிருபனைப் பார்த்தான். அந்தப் பார்வையில் இன்னும் நம்பிக்கைதான் இருந்தது. இல்லை என்று ஒரு சொல் சொல்லமாட்டானா என்கிற கெஞ்சல். சிவராமனுக்கு அதைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை.

"நோ, ப்ரோ. ஷீ இஸ் கிரேஸி," என்றான் கிருபன்.

அன்ரனெற் தன் கணினியை அவர்கள் பக்கம் திருப்பினார். காணொளி ஓடியது. கறுப்புத் துப்பாக்கி மெல்லச் சுழன்றது. மேலோடு கண்ணாடிபோல் மறைய, உள்ளே இருந்த பாகங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து மிதந்தன. வினோதன் திரையை நோக்கிக் குனிந்தான்.

"அது நாங்கள் சேர்ந்து செய்தது," என்றான் கிருபன் அவசரமாக. "பட் இந்த வேர்ஷன் என்ரை. ஸ்க்ராட்ச்சிலை இருந்து நான் கீறினது. போட்டிக்காக."

"ஒவ்வொரு துண்டும்?"

"எவ்ரி பீஸ்."

அன்ரனெற் காணொளியை நிறுத்தினார். காஸ் அறையின் மூடி, உட்பக்கம் தெரிய, திரையின் நடுவில் நின்றது. அதில் நகமளவு ஒரு வெட்டு.

"அப்ப இது என்ன, தம்பி?"

கிருபன் குனிந்து பார்த்தான். அதை அவன் முன்னரும் பார்த்திருக்க வேண்டும். என்னவென்று ஒருபோதும் யோசித்திருக்கவில்லை.

"அது... வென்ட். காஸ் பிரஷர் வெளியிலை போறதுக்கு."

அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. கதவருகே நின்ற கௌசிதான் வாசித்தாள், முதலாம் வகுப்புப் பிள்ளைபோல ஒரே எழுத்தை.

"ஷி."

வினோதன் பாய்ந்தான். நாற்காலி சரிந்தது, கோப்பிக் குவளை உருண்டது. சிவராமன் குறுக்கே விழுந்து அவனை இடுப்போடு கட்டிப் பிடித்தான். விட்டுவிடலாமா என்று ஒரு கணம் யோசித்ததை அவன் பிற்பாடு ஒளிக்கவில்லை.

"தொடாதீங்க வினோதன். தொட்டீங்கன்னா பிணை போச்சு, சனிக்கிழமை போச்சு. அவனுக்கு அதுதான் வேணும்."

"என்ரை பிள்ளை மேசைக்குக் கீழை கிடக்குதடா," என்றான் வினோதன். கத்தவில்லை. "உன்ரை வீட்டிலை படுத்திருந்து ஒவ்வொரு இரவும் உனக்குச் சொன்னனான். நீ கேட்டுக்கொண்டு இருந்தனி."

கிருபன் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான். சிரிப்பு எங்கோ போய்விட்டிருந்தது. "ரெண்டு வருஷம் நானும்தான் வேலை செய்தனான். வீடியோ எடுத்தது நான், டெஸ்ட் பண்ண ஆள் பிடிச்சது நான். எல்லா இடத்திலையும் உன்ரை நேம். மை நேம் எங்கை? நீ தந்த பைல் என்னட்டை இருந்தது. அவங்கள் வந்து கொம்பியூட்டரை மட்டும் எடுத்துக்கொண்டு போவாங்கள், நான் முதல்லை போட்டிக்கு அனுப்பலாம் எண்டு நினைச்சன். பழைய போன் ஒண்டிலை... தமிழிலை கதைச்சால் அந்த அங்கிள் எண்டு நினைப்பினம் எண்டு... உன்னை நிலத்திலை போடுவாங்கள் எண்டு நான் நினைக்கேல்லை."

"பிள்ளைகளுக்கு நேரே நீட்டினான் என்று சொன்னால் வேறென்ன செய்வார்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள் ஸ்டெபனி. அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. மஞ்சள் தாளில் ஒரு பக்கம் முழுக்க எழுதிவிட்டிருந்தாள்.

சிவராமன் வினோதனை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுக் கிருபனிடம் போனான். ஓர் அடி தள்ளியே நின்றான், தன் கையைத் தானே நம்பாமல்.

"ஒண்ணு தெரிஞ்சுக்கோ தம்பி. எங்க ஊர்ல துப்பாக்கியைச் சுட்டவன்னா, துப்பாக்கியைத் திருடினவன்னு அர்த்தம். அந்த நாலு வரியில நீ சொன்ன ஒரே உண்மை அதுதான். அதுவும் உன்னைப் பத்தி."

கிருபனுக்கு அது புரிந்ததோ என்னவோ. ஸ்டெபனி அவனிடம், வேறு வழக்கறிஞர் ஒருவரைக் கூப்பிடுவது நல்லது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவன் மேலங்கியைக்கூட எடுக்காமல் படியிறங்கிப் போனான்.

தியாகலிங்கம் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். வினோதன் எழுந்து அவர் முன்னால் போய் நின்றான்.

"அங்கிள், என்னை மன்னிச்சு..."

"இங்கை வேண்டாம்," என்றார் கிழவர். "றோட்டிலை வைச்சுச் சொன்னனி. றோட்டிலை வைச்சுத்தான் திருப்பி எடுக்கவேணும்."

வெள்ளிக்கிழமை முழுவதும் ஸ்டெபனி நீதிமன்றத்திலும் தொலைபேசியிலுமாக நின்றாள். வழக்கு விழுவதற்குக் கொஞ்ச நாள் செல்லும், ஆனால் வீட்டுக்குப் போகக் கூடாது என்ற நிபந்தனை அன்று பின்னேரமே நீங்கிவிட்டது. சனிக்கிழமை காலை சிவராமன்தான் வினோதனை விட்பிக்கு ஏற்றிப்போனான். அன்ரனெற் பின் ஆசனத்தில், மடியில் கேக் பெட்டியோடு. தியாகலிங்கத்தின் தம்பியின் கதையை வழியிலேயே அவனுக்குச் சொன்னார்.

வெயில் அடித்தது. தெருவில் சிலர் பனி வழித்துக்கொண்டிருந்தார்கள், சிலர் காரில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வினோதன் காரை விட்டிறங்கினான். தன் வீட்டு வாசலைப் பார்த்தான், ஆனால் போகவில்லை. நடுத்தெருவில் போய் நின்றான்.

"தியாகலிங்கம் அங்கிள் ஒருத்தரையும் காட்டிக்குடுக்கேல்லை," என்று உரக்கச் சொன்னான். "நான்தான் அவரைப் பற்றிப் பொய் சொன்னனான். எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கோ."

தமிழ் தெரியாதவர்களுக்காக அதையே ஆங்கிலத்திலும் சொன்னான். ஒருவர் பனி அள்ளும் சவளைக் கீழே வைத்தார். இரண்டு வீட்டுக் கதவுகள் திறந்தன. அந்தக் கதவுகளையும் சிவராமன் கோபமாகவே பார்த்தான். மூன்று வாரம் ஒரு மனிதனை ஒதுக்கி வைத்துவிட்டு, இப்போது வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார்கள்.

வினோதன் கராஜிலிருந்து சவளை எடுத்துக்கொண்டு பக்கத்து ட்ரைவ்வேயில் இறங்கினான். மூன்று வாரப் பனி கல்லாக இறுகிப்போயிருந்தது. உதவிக்கு நகர்ந்த சிவராமனின் கையை அன்ரனெற் பிடித்துக்கொண்டார்.

"விடுங்கோ. அது அவரின்ரை வேலை."

அரைமணி நேரத்துக்கு மேலாயிற்று. தியாகலிங்கம் கதவைத் திறந்து, மேலங்கியோடு படியில் நின்றார். நெடுநேரம் பார்த்தார். அவர் முகம் இளகவில்லை.

"உந்தக் கரையிலை இன்னும் கிடக்கு," என்றார்.

வினோதன் தலையாட்டப் போனவன், சட்டென்று நிறுத்திக்கொண்டான். "ஓம், அங்கிள்," என்று வாயால் சொல்லிவிட்டு அந்தக் கரைக்குப் போனான்.

அப்போது வினோதனின் வீட்டுக் கதவு திறந்தது. யாரும் மணி அடித்திருக்கவில்லை. சப்பாத்தை இடம்வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு ஷிவானி வெளியே வந்தாள். கையில் மணல் விளையாடுகிற பச்சைச் சவள் ஒன்று இருந்தது. தகப்பனுக்குப் பக்கத்தில் போய் நின்று பனியைக் கொத்தத் தொடங்கினாள்.